பாசிமேட்டுக்கு அடிக்காத போன்

அந்தக் காலத்தில், கடலும் காற்றும் மீனவர்களோடு பேசுவதை விட்டிருந்தன. புயல் வந்தால் கணினிதான் ஊர் ஊராகப் போன் போட்டுச் சொல்லும். அதற்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதியவள், மீனவர் சங்க அலுவலகத்தில் வேலை பார்த்த ஜெனோவா.

நிரலுக்குள் ஓர் அகராதி இருந்தது. ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அந்த ஊரின் போன் எண்களைப் பட்டியலாகத் தரும். அது என்ன வகைத் தரவு என்று சொல்லும் வகைக்குறிப்பில் 'அகராதி' என்று மட்டும் எழுதியிருந்தாள் ஜெனோவா.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னும் எழுதிடேன்," என்றான் பக்கத்து மேசை கபிரியேல். "ஏதாவது மாறிக் கிடந்தா, சரிபார்க்கிற கருவி காட்டிக்கொடுத்திரும்."

"எழுதாமலே ஓடுதுல்ல," என்றாள். ஓடத்தான் செய்தது.

ஐப்பசியில் காற்று திரும்பியது. காலையிலேயே எச்சரிக்கை போனது. மற்ற எல்லா ஊரிலும் வள்ளங்களை மணலில் ஏற்றினார்கள். பாசிமேட்டில் மட்டும் கடலில் இறக்கினார்கள்.

அடுத்த வாரம் பாசிமேட்டு வியாகுலம் அலுவலகத்துக்கு வந்தாள். கணவனும் மகனும் போன வள்ளம் திரும்பவில்லை. அந்த ஊருக்கென்று கொடுத்திருந்த ஒரே எண் அவளுடையது.

"எல்லா ஊருக்கும் வந்துச்சாமே. என் போன் பக்கத்துலதான் கெடந்துச்சு. ஏன் அடிக்கல?"

ஜெனோவா நிரலைத் திறந்தாள். மற்ற ஊர்களுக்கு எண்களின் பட்டியல் இருந்தது. பாசிமேட்டுக்கு ஒரே எண்தானே என்று, பட்டியலாக்காமல் அப்படியே போட்டிருந்தாள். கணினி அதையும் பட்டியல் என்றே எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்கத்தையும் தனி எண்ணாக அழைத்துப் பார்த்திருக்கிறது. முதலில் ஒன்பது, பிறகு நான்கு, பிறகு எட்டு. எதுவும் கிடைக்காமல் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

"நான்தான் தப்பா எழுதிட்டேன், அக்கா."

வியாகுலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியா எழுதினா அடிக்குமா?"

"அடிக்கும்."

"எழுது."

ஜெனோவா அழுதுகொண்டே எழுதினாள்: அகராதி, அதற்குள் ஊர்ப்பெயருக்கு ஒரு பட்டியல், பட்டியலுக்குள் ஒவ்வொரு போன் எண்ணும் ஓர் எழுத்துச்சரம். உடனே கருவி பாசிமேட்டு வரியைச் சிவப்பில் காட்டியது. அதைத் திருத்தி, அந்த ஊருக்கு மட்டும் ஓட்டினாள்.

வியாகுலத்தின் கையில் போன் அடித்தது. காதில் வைத்தாள். கடல் கொந்தளிப்பாக இருக்கும், வள்ளம் இறக்க வேண்டாம் என்று அது சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனாள்.

அன்று முதல்தான் அந்தக் கரையில் பைத்தான் எழுதுகிறவர்கள், எத்தனை அடுக்கு இருந்தாலும், ஆக உள்ளே இருப்பது இன்னது என்று எழுதாமல் நிரலை வெளியே விடுவதில்லை.