ஒரே நாளில் பத்து வருஷம் உழைத்த ஹெட்செட்

கள்ளிப்பொத்தையில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. விமானம் ஒன்று, ஓடுபாதை ஒன்று, ஸ்டோர்கீப்பர் ஒருவர். விமானத்திலும் ஓடுபாதையிலும் ஒரு குறையும் கிடையாது.

ஸ்டோர்கீப்பர் மாசிலாமணி அண்ணாச்சி தங்கமான மனுஷர். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார். அதுதான் வினையே. "ஓடுபாதையில ஒரு ஆடுகூட நிக்கக் கூடாது" என்று பள்ளியை நடத்தும் கேப்டன் வசுமதி ஒருநாள் சொல்லிவிட்டுப் பறக்கப் போனார். திரும்பி இறங்க வந்தால் ஓடுபாதையில் முப்பது ஆடுகள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் அண்ணாச்சி. அண்ணாச்சிக்குப் பின்னால் அவருடைய உதவியாளர்கள் கூத்தபெருமாளும் சந்தியாகும்.

"ஒண்ணையும் நிக்க விடலை மேடம்" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்க.

அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். கேப்டனுக்கு இளகிய மனசு. கடைசி வாய்ப்பாக ஒரு வேலை கொடுத்தார். விமானி தலையில் மாட்டுகிற ஹெட்செட் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு காதையும் மூடி, வாய்ப்பக்கம் ஒரு குட்டி மைக்கோடு இருக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் இரைச்சலில் கீழேயிருந்து யார் என்ன சொன்னாலும் கேட்காது. கம்பெனிக்காரர்கள் கறுப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் மாதிரிக்குக் கொடுத்திருந்தார்கள்.

"வெளிச்சத்தம் உள்ள வரக் கூடாது. கீழ விழுந்தாலும் உடையக் கூடாது. பத்து வருஷம் உழைக்கணும். சோதிச்சுப் பார்த்து, நாளைக் காலையில ஒண்ணை என் மேஜைல வைங்க. இதுலயும் சொதப்பினா வீட்டுக்குப் போயிடலாம், அண்ணாச்சி."

அண்ணாச்சி இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார். தான் இல்லாவிட்டால் பிளேனே கிளம்பாது என்று பொண்டாட்டியிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்?

முதலில் சத்தம். கூத்தபெருமாள் தலையில் கறுப்பை மாட்டி, "ஏல, நான் பேசுறது கேக்கா?" என்று அண்ணாச்சி கத்தினார். பதில் இல்லை. தொண்டை கிழியக் கத்தியும் பதில் இல்லை.

"ஏம்ல பேச மாட்டேங்கான்?"

"வீட்டுல சண்டையா இருக்கும் அண்ணாச்சி."

இருவரும் அரைமணி நேரம் அவன் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். அவனோ, பாவம், இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது போல, வெறும் வாயை அசைக்கிறார்கள் என்று இரக்கப்பட்டு, ஓடிப்போய்ச் சுக்குவெந்நீர் வாங்கி வந்தான்.

அடுத்தது விழுகிற சோதனை.

"தனியா விழணுமா, தலையோட விழணுமா?" என்று கேட்டான் சந்தியாகு.

"பைலட் தலையில இருக்கது தனியா எப்படில விழும்?"

நியாயம்தானே. சந்தியாகு பச்சையை மாட்டிக்கொண்டும் கூத்தபெருமாள் கறுப்பை மாட்டிக்கொண்டும் ஸ்டூலிலிருந்து விழுந்தார்கள். முழங்கை வீங்கியது, இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஹெட்செட்டில் ஒரு கீறல் இல்லை. இரண்டுமே பாஸ்.

மூன்றாவதில்தான் இடித்தது. பத்து வருஷம் உழைக்குமா என்று நாளைக் காலைக்குள் எப்படிப் பார்ப்பது? அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார்.

"ஏல, ஒரு கெணத்தை ஒருத்தன் வெட்டுனா பத்து நாளு. பத்துப் பேரு வெட்டுனா?"

"ஒரு நாளு."

"ஹெட்செட்டை ஒருத்தன் மாட்டுனா பத்து வருஷம். மூவாயிரத்து அறுநூத்தம்பது பேரு மாட்டுனா?"

இருவருக்கும் புல்லரித்துவிட்டது. "ஒரு நாளு அண்ணாச்சி!"

"லீப் வருஷம் ரெண்டு வருமே?" என்றான் கூத்தபெருமாள்.

"ரெண்டு ஆளு கூட்டிக்கிடுவோம்."

அன்று பக்கத்தூர் அம்மன் கோயிலில் மூன்று நாள் கொடைத் திருவிழா தொடங்கியிருந்தது. ஆளுக்கா பஞ்சம்? பந்தல் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, வந்தவர் தலையிலெல்லாம் மாட்டினார்கள். இதுவும் ஏதோ வேண்டுதல் என்று ஜனம் பயபக்தியோடு வரிசையில் நின்றது. பச்சை பன்னிரண்டாவது தலையிலேயே இரண்டாக ஒடிந்தது. அது மிட்டாய்க் கடைக்காரர் தலை, கொஞ்சம் பெரிசு. கறுப்போ எண்ணெய்த் தலை, மொட்டைத் தலை, மல்லிகைப்பூத் தலை எல்லாவற்றிலும் ஏறி இறங்கியது. பொழுது சாயும்போது கணக்கு முடிந்தது. லீப் நாள் இரண்டுக்கும் உதவியாளர்களே உட்கார்ந்தார்கள். கறுப்பு அப்படியே இருந்தது.

அண்ணாச்சி அதை முத்தமிடப் போனார். சந்தியாகு தடுத்தான்.

"அண்ணாச்சி, அதுதான் பத்து வருஷம் உழைச்சிட்டே. இனி அதுல என்ன இருக்கு?"

அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப பச்சை?"

"பன்னெண்டு நாளுதான் போயிருக்கு. மிச்சமெல்லாம் பத்திரமா இருக்கு."

நல்ல வேளை, ஏமாற இருந்தோமே என்று அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை கேப்டன் மேஜையில் பச்சை ஹெட்செட் இரண்டு துண்டாக இருந்தது.

"என்ன இது?"

"இன்னும் ஒம்பது வருஷம் பதினோரு மாசத்துக்கு மேல பாக்கி இருக்கு மேடம்" என்றார் அண்ணாச்சி பணிவாக.

"கறுப்பு எங்கே?"

"அது ரிட்டையர் ஆயிட்டு."

ஸ்டோரில் ஒரு நாற்காலியில், மாலையும் பொன்னாடையுமாகக் கறுப்பு அமர்ந்திருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டபடியே கேப்டன் மாலையைக் கழற்றி, அதை விமானத்தில் பொருத்திப் பார்த்தார். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. கேப்டனுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தக் கம்பெனியும் இப்படிச் சோதிச்சிருக்காது. உங்க வேலைக்கு ஆபத்தில்லை அண்ணாச்சி. இன்னும் பத்து வருஷம் இந்த ஸ்டோர் உங்க பொறுப்பு."

அண்ணாச்சி கண் கலங்கிக் கைகூப்பினார்.

அடுத்த நாள் கேப்டன் வந்தபோது, ரோட்டிலிருந்து ஸ்டோர் வரைக்கும் கொடைக்கு வந்த கூட்டம் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே போய் அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். சந்தியாகு எண்ணிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி புதுவேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு ஓரமாக நின்றார்.

"பத்து வருஷ வேலை குடுத்தீங்கள்லா மேடம், அதை எதுக்கு இழுத்துக்கிட்டு? பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுத் தந்திருதேன்."

கேப்டனுக்குத் தலை சுற்றியது. கைக்கு எட்டிய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நானூத்திப் பதிமூணு!" என்றான் சந்தியாகு. "எந்திரிங்க மேடம், அடுத்த ஆளு வரணும்."