ஜாங்கிரிக்குச் சர்க்கரையாம்!

சரி, விளக்கை அணைச்சாச்சு. காலை நீட்டாதே அமுதி, கால்மாட்டுல பூனை படுத்திருக்கு. அத்தை பக்கம் திரும்பிப் படு. கேளு.

ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாகிட்ட நாடு இல்ல, படை இல்ல, யானை இல்ல. சர்க்கரை இருந்துச்சு. மூட்டையில இல்ல, ரத்தத்துல. மத்த ராஜாங்க விருந்தாளி வந்தா கோட்டையைச் சுத்திக் காட்டுவாங்க. நம்ம ராஜா லேப் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுவார். "சாப்பாட்டுக்கு முன்னாடி இவ்வளவு, பின்னாடி இவ்வளவு"ன்னு, ஏதோ போர்ல ஜெயிச்ச மாதிரி.

"அத்தை, அந்த ராஜா தாத்தாவா?"

சேச்சே. தாத்தாவுக்கு ஏது கிரீடம்? இது வேற ராஜா. நீ "ம்" மட்டும் சொல்லு.

"ம்."

அந்த ராஜாவுக்கு ஒரு ராணி. ராஜாவுக்கு தினம் ரெண்டு வேளை ஊசி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போடுறது யாரு? ராணி. அப்போ ராஜா என்ன பண்ணுவார்? கண்ணை இறுக்கி மூடிக்குவார். தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்குவார். ஊசி பக்கத்துல வர்றதுக்கு முன்னாடியே "ஆஆஆ!"ன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் தெருவுல பாதிப் பேர் குக்கரை அடுப்புல ஏத்துவாங்க. அப்புறம் கண்ணைத் திறந்து, "உனக்கென்னம்மா, குத்துறவளுக்கு என்ன தெரியும், வாங்குறவனுக்குத்தானே வலி"ன்னு ஒரு வசனம். ராணி பஞ்சால துடைச்சுட்டு உள்ள போயிடுவாங்க.

அப்புறம் அந்த ராஜாகிட்ட ஒரு பூனை இருந்துச்சு. நல்ல ஆரஞ்சுக் கலர், உடம்பெல்லாம் சுழி சுழியா கோடு. ராஜாவுக்கு இனிப்பைத் தொடக்கூடாதுன்னு ராணி உத்தரவு. ராஜா யோசிச்சார். வாயில போடத்தானே தடை, வாயால கூப்பிடத் தடை இல்லையே? பூனைக்கு ஜாங்கிரின்னு பேர் வச்சுட்டார். நாளெல்லாம் "ஜாங்கிரி, ஜாங்கிரி"ன்னு நாக்கு சப்புக்கொட்டக் கூப்பிடுவார்.

"நம்ம பூனை ஜிலேபி."

அதைத்தானே சொல்றேன். இது ஜிலேபி, அது ஜாங்கிரி. ஜிலேபி மைதால பண்றது, ஜாங்கிரி உளுந்துல பண்றது. ரெண்டும் ஒண்ணாகுமா? தூக்கம் வரலையா உனக்கு?

"வருது. சொல்லு."

அப்போ ஒருநாள், ஜாங்கிரி தண்ணி குடிச்சுது. சளப் சளப் சளப். கிண்ணத்துல குடிச்சுது. பாத்ரூம் பக்கெட்டுல குடிச்சுது. ராஜாவோட டம்ளருக்குள்ள தலையை விட்டுக் குடிச்சுது. குடிச்ச தண்ணி எங்க போகும்? சர்ர்ர்னு ராஜாவோட வேட்டி மேல, சர்ர்ர்னு பேப்பர் கட்டு மேல. போட்ட மீன் எல்லாம் தின்னுது, ஆனா முதுகெலும்பு தட்டுப்படுது. வயிறு ஒட்டிப் போச்சு.

ராஜா பாத்தார். "அடிப்பாவி! எனக்கு வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. இதுக்கு சுகர்!"ன்னுட்டார். டாக்டர்கிட்ட காட்டவே இல்ல, அதுக்குள்ள தீர்ப்பு. நம்ம ஊர்ல எவனுக்காவது சுகர் வந்துட்டா அவன் பாதி டாக்டர். இருபது வருஷம் ஆயிடுச்சுன்னா முழு டாக்டர்.

அப்புறம் என்ன, சபை கூடிச்சு. ராஜாவுக்கு ஆலோசனை சொல்ல மூணு பேர்.

முதல்ல எதிர்வீட்டு ஃபிலோமினா டீச்சர். "சார், ராத்திரி வெந்தயம் ஊற வச்சு காலைல வெறும் வயித்துல அந்தத் தண்ணி. எங்க வீட்டுக்காரருக்கு அதான்."

"உங்க வீட்டுக்காரருக்குக் குறைஞ்சுதா?"

"அவர் எங்க குடிச்சார்?"

ராஜாவும் அதேதான். ராணி தினம் ஊற வச்சுக் கொடுக்குற வெந்தயத் தண்ணியை தினம் பால்கனி செம்பருத்திக்கு ஊத்துவார். அந்தத் தெருவுலயே சுகர் இல்லாத ஜீவன் அந்தச் செம்பருத்தி ஒண்ணுதான். அந்தத் தண்ணியைத்தான் ஜாங்கிரி முன்னால வச்சு, "குடி, உடம்புக்கு நல்லது"ன்னார். ஜாங்கிரி மோந்து பாத்துச்சு. முன்னங்காலைத் தூக்கிச்சு. கிண்ணத்தை ஒரு தள்ளு. டண்ண்! ராஜாவோட கால் மேல வெந்தயம்.

"ம். ஹிஹி."

சிரிக்காதே, தூக்கம் கலைஞ்சுடும்.

அப்புறம் ரெண்டாவது, பார்க்குல வாக்கிங் போற நாச்சியப்பன். "நடக்கணும் சார். நடந்தா எல்லாம் கரைஞ்சுடும்." அவர் தினம் பார்க்கைச் சுத்தி வேகமா நடப்பார். நடந்து முடிச்சு நேரா வாசல் டீக்கடைக்குப் போய், சர்க்கரை தூக்கலா போட்டு ஒரு டீ, ரெண்டு மெதுவடை. கரைஞ்சது எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அப்போ ராஜா பழைய பாவாடை நாடாவை எடுத்து ஜாங்கிரிக்கு மார்போட சேத்துக் கட்டி, விடியறதுக்குள்ள பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனார். "நட"ன்னார். ஜாங்கிரி பொத்துனு படுத்துக்கிச்சு. இழுத்தார். படுத்தபடியே வந்துச்சு, மிதியடி மாதிரி சர சரன்னு. பார்க்குல நடந்த அத்தனை பேரும் நின்னுட்டாங்க. "சார், பூனை செத்துப் போச்சு போல"ன்னு ஒருத்தர். "வாக்கிங் சார், சுகர்"னு ராஜா. "அச்சச்சோ, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"ன்னு இன்னொருத்தர். அந்த நேரம் பாத்து ஒரு நாய், வவ்! ஜாங்கிரி தட தட தடன்னு ராஜாவோட காலு, வயிறு, தோளு, தலை. அங்க உக்காந்துக்கிச்சு. ராஜாவுக்கு அன்னிக்குத்தான் கிரீடம். வீடு வரைக்கும் அப்படியேதான் வந்தார்.

மூணாவது, ராஜாவோட தங்கச்சி போன்ல. "அண்ணா, பாகற்காயை அரைச்சு மீன்ல பிசைஞ்சு வை." வச்சார். ஜாங்கிரி தட்டைப் பாத்துச்சு, ராஜாவைப் பாத்துச்சு. அப்புறம் பூனை வெளிக்குப் போயிட்டு மண்ணைத் தள்ளி மூடுமே, அதே மாதிரி தட்டைச் சுத்தித் தரையை வறக் வறக்னு பறண்டி மூடப் பாத்துச்சு. இதுக்கு மேல ஒரு சாப்பாட்டை யாரும் திட்ட முடியாது.

சேதி தெருவெல்லாம் பரவிடுச்சு. உடம்பு சரியில்லைன்னா பாக்க வரணுமே? வந்தாங்க. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில். சர்க்கரை வியாதிக்காரப் பூனைக்கு! ஜாங்கிரி பீரோ மேல ஏறி இறங்கவே இல்ல. அத்தனை பிஸ்கட்டையும் பூனை சார்புல ராஜாவே தின்னு தீர்த்தார்.

அப்போ ராணிக்குக் கோபம் வந்துச்சு. "போதும் வேடிக்கை. மாட்டு டாக்டரோ மனுஷ டாக்டரோ, யார்கிட்டயாவது காட்டுங்க."

பூனையைப் பாக்குற டாக்டரம்மாகிட்ட போனாங்க. பூனையை மாம்பழக் கூடைல வச்சு, மேல துண்டைக் கட்டி, ஆட்டோ. ஆட்டோ குலுங்க குலுங்க ஜாங்கிரி வ்வ்வாவ், வ்வ்வாவ். டாக்டரம்மா காதுல ஒரு பொட்டு ரத்தம் எடுத்து மெஷின்ல வச்சாங்க. நம்பர் வந்துச்சு. ராஜாவோட நம்பரை விட ஜாஸ்தி! ராஜாவுக்கு ஒரு நிமிஷம் பொறாமையா இருந்துச்சுன்னு சொன்னா நீ நம்பமாட்டே.

"அப்போ சுகரா அத்தை?"

அதைத்தான் ராஜாவும் கேட்டார். டாக்டரம்மா சொன்னாங்க: "ஐயா, பூனைக்குப் பயந்தாலே சுகர் ஏறும். நாடால இழுத்து, கூடைல கட்டி, ஆட்டோல குலுக்கிக் கொண்டு வந்திருக்கீங்க. எனக்கே ஏறும். இதை வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. வீட்ல கொஞ்ச நாள் சத்தம், பயம் எதுவும் இல்லாம இருக்கட்டும். நானே காலைல வீட்டுக்கு வந்து எடுத்துப் பாக்குறேன்."

"இருந்தா?"

"இருந்தா ஊசிதான், ரெண்டு வேளை. உங்களுக்கென்ன சார், பழக்கமாச்சே!"

ராஜா தன் ரிப்போர்ட்டையும் காட்டியிருந்தாரே, அதான் அந்த அம்மா அப்படிச் சொன்னாங்க. "ஆமா ஆமா, எனக்கு அதெல்லாம் தூசி"ன்னார் ராஜா. ராணி மோட்டுவளையைப் பாத்தாங்க.

திரும்பி வர்றப்ப ஆட்டோல ராஜா மடியில கூடை. போன வருஷம் இதே கூடைல தூக்கினப்ப கை வலிச்சுது. இப்ப வலிக்கல. பூனை அவ்வளவு இளைச்சிருக்குன்னு அப்பத்தான் ராஜாவுக்கு உறைச்சுது. கூடை ஓட்டைக்குள்ள விரலை விட்டார். உள்ள இருந்து ஈரமா ஒரு மூக்கு வந்து விரல்ல ஒட்டிச்சு.

வீட்டுக்கு வந்ததும் ராஜா குழைஞ்சார். "ஏம்மா, ஒருவேளை சுகர்னு வந்துட்டா, உனக்குத்தான் கை ராசி..."

"நிறுத்துங்க"ன்னாங்க ராணி. "ஒரு ஆளுக்கு ஊசி போட்டே நான் ஓய்ஞ்சு போயிட்டேன். இன்னொண்ணுக்கு மாட்டேன். சுகர்னா நீங்க போடுங்க. முடியாதுன்னா சாக்குல கட்டி மீன் மார்க்கெட்ல விட்டுடுங்க. இந்தத் தெருவுல வேண்டாத பூனையை எல்லாம் அங்கதானே விடுறாங்க. போய் ராணி மாதிரி இருக்கட்டும். நான்தான் இங்க இருக்கேனே, ராணி மாதிரி."

"மார்க்கெட்லயா? அத்தை, அங்க நாய் இருக்கும்!"

அழாதே. கதை இன்னும் இருக்கு. "ம்" சொல்லு.

"...ம்."

அப்போ ராஜா பழக ஆரம்பிச்சார். முதல்ல இட்லி. தண்ணியை ஊசில ஏத்தி, கண்ணை மூடிக்கிட்டு ஒரு குத்து. இட்லிக்கு ஒண்ணும் ஆகல, ராஜா "ஆ"ன்னார். அப்புறம் தலையணை. அதுக்கும் "ஆ." அந்த "ஆ" கேட்டதும் கட்டிலுக்கு அடியில இருந்து ஜாங்கிரி வாலைப் புசுபுசுன்னு உப்பிக்கிட்டு, தட தடன்னு ஓடிப் போய் பீரோ மேல ஏறிக்கிச்சு. ராஜா அதையே பாத்தார். அன்னிக்கு சாயங்காலம் தன் ஊசிக்குக் கத்துறப்பவும் ஓடிச்சு. மறுநாள் காலைலயும் ஓடிச்சு. இத்தனை நாளா கண்ணை மூடிக்கிட்டே கத்தினவருக்கு, பூனை ஓடுறது எங்க தெரிஞ்சிருக்கும்?

டாக்டரம்மா சத்தம் கூடாது, பயம் கூடாதுன்னாங்களே. வீட்ல சத்தமே ராஜாதான்.

ராஜா சமையல்கட்டு வாசல்ல போய் நின்னார். "ஏம்மா, முதல் முதல்ல எனக்கு ஊசி போட்டியே, உனக்குப் பயமா இருந்துச்சா?"

ராணி வெங்காயத்தை நறுக்கிக்கிட்டே இருந்தாங்க. "அன்னிக்கு யாரு கேட்டா?"

ராஜா ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பிச்சார்.

"கை நடுங்கிச்சு. ஒரு சாத்துக்குடில தண்ணி ஊசி போட்டுப் போட்டுப் பழகினேன். அப்புறம் அதையே ஜூஸ் பிழிஞ்சு உங்களுக்குக் கொடுத்தேன். தண்ணியா இருக்கு, சாத்துக்குடிக்காரன் ஏமாத்திட்டான்னு அவனைத் திட்டினீங்க."

அப்புறம் சாயங்காலம் ஆச்சு. ராணி ஊசில மருந்து ஏத்தி எடுத்துட்டு வந்தாங்க. தெருவுல எல்லாரும் குக்கரோட தயாரா நிக்கிறாங்க. ராஜா கட்டில்ல உக்காந்திருக்கார். மடியில ஜாங்கிரி. தலையணை இல்ல. "குடு"ன்னு கையை நீட்டினார்.

"என்னங்க?"

"குடும்மா. பூனைக்குப் போடணும்னா என் கை நடுங்கக் கூடாதுல்ல."

பனியனைத் தூக்கினார். கண்ணை மூடல. கை நடுங்கிச்சு. ராணி அந்தக் கையைப் பிடிக்கல, பக்கத்துல நின்னாங்க, அவ்வளவுதான். ஊசியை வயித்துல வச்சார். மூச்சை இழுத்தார். சுருக்.

சத்தம் வரல அமுதி. கண்ணுல தண்ணி வந்துச்சு, சத்தம் வரல. ஜாங்கிரி ஒரு காதை மட்டும் திருப்பிச்சு. அப்புறம் கொர்ர், கொர்ர்னு தூங்கிடுச்சு. அன்னிக்குத் தெருவுல பாதி வீட்ல சாப்பாடு லேட்டு.

ராணி பஞ்சை எடுத்துக் கொடுத்தாங்க. "இதுக்கா இருபது வருஷம் ஊரைக் கூட்டினீங்க?"

"அத்தை. இன்னிக்கு சாயங்காலம் தாத்தா கத்தவே இல்ல."

அப்படியா? நான் கவனிக்கலையே.

"ஜாங்கிரிக்கு சுகர் இருக்கா, இல்லையா?"

அது டாக்டரம்மா நாளைக்குக் காலைல வந்து பாத்துத்தான் சொல்லணும். இருந்தா ராஜா போடுவார். இல்லைன்னா தனக்கு மட்டும் போட்டுக்குவார். எது எப்படியோ, மீன் மார்க்கெட் கிடையாது. சாயங்காலம் ராணி அந்தச் சாக்கை எடுத்து, மடிச்சு, வாசல்ல மிதியடியா போட்டுட்டாங்க.

"நம்ம வாசல்லயும் சாக்கு..."

உஷ்ஷ்.

அடுத்த ரூம்ல இருந்து, "ஏய், யாரைப் பத்திடி கதை அங்க?"

உங்களைப் பத்தி இல்லப்பா! அது வேற ராஜா. நீங்க கத்தாதீங்க, பூனை எழுந்துடும்.

"...தூங்குதா?"

பாத்தியா, இப்ப எவ்வளவு மெதுவா கேக்குறார். தூங்குதுப்பா. உங்க பேத்திதான் இன்னும் முழிச்சிருக்கா.

கேளு அமுதி, நீ புரண்டா அது புரளும். நீ முழிச்சிருந்தா அதுவும் முழிச்சிருக்கும். காலைல அது நல்லாத் தூங்கி, பயமில்லாம எழுந்திருக்கணும். அதுக்கு நீ கண்ணை மூடித் தூங்குறதுதான் மருந்து. கதை வாலைச் சுருட்டிக்கிச்சு, ஜிலேபியும் சுருண்டாச்சு. நீயும் சுருண்டு தூங்கு.