நீல நூல் தந்தி

முன்னொரு காலத்தில் கருவேலி நாட்டை உதயகண்டன் என்ற ராஜா ஆண்டு வந்தார். ஆண்டது கொஞ்சம், வீணை கேட்டது அதிகம். கேட்டுவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். வீணைத் தந்தி இழுக்கும் ஆசாரிகளைக் கேட்டால் தெரியும்.

அந்த ஊரில் ஒவ்வொரு பட்டறைக்காரரும் தம் தந்தியின் நுனியில் தமக்கென்று ஒரு நிறத்தில் பட்டு நூல் சுற்றி விற்பார். சபையிலே நாதப்பிரியர் என்று ஒரு ரசிக சிகாமணி இருந்தார். அவர் எந்த நிறத்தைப் புகழ்கிறாரோ, பெரிய மனிதர் வீட்டு வீணையெல்லாம் அந்த நிறத்துக்கு மாறிவிடும். அவர் மூக்கைச் சுளித்தால் போதும், அதே தந்தி கொல்லைப் படலுக்குக் கட்டுக்கம்பி ஆகிவிடும்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ராஜா ஒரு சட்டம் வைத்திருந்தார். மவுசு இழந்த தந்தி இத்தனை நாளும் அரசர் செவியை ஏமாற்றிய தந்தியாம். அதற்குத் தண்டனை, ஆசாரியின் வலது கட்டைவிரல். கட்டைவிரல் இல்லாமல் குறடு பிடிக்க முடியாது, குறடு பிடிக்காமல் கம்பி இழுக்க முடியாது. வெள்ளை நூல் குப்பாண்டி ஆசாரிக்கு முதலில் போயிற்று. அப்புறம் சிவப்பு நூல் சடையன் ஆசாரிக்கு. ஏறிய மவுசு ஒருநாள் இறங்கத்தானே வேண்டும்? அதனால் நாதப்பிரியர் ஒரு பட்டறையைப் புகழ்ந்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவதாகச் சிக்கியவர் நீல நூல் சங்கிலி ஆசாரி. நீலத்தை ராஜாவிடம் முதலில் புகழ்ந்து சொன்னவர் அமைச்சர் செங்கோடர். தம்மைக் கேட்காமல் இன்னொருவர் சொன்ன தந்தி ஓகோவென்று ஓடினால் நாதப்பிரியருக்குப் பொறுக்குமா? இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் நடுச்சபையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"என்ன நாதப்பிரியரே, காதுவலியா?" என்றார் ராஜா.

"வலியில்லை பிரபு, மணல்! இந்த நீலத் தந்தியில் மணல் நெரிகிறது. மேற்கேயிருந்து மஞ்சள் நூல் தந்தி வந்திருக்கிறது, கேட்டால் கோயில் மணி தோற்றுவிடும்."

ராஜா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அட, ஆமாம்! மணல்தான். நாளைக் காலை அந்த ஆசாரியைக் கொண்டு வாருங்கள்."

சேதி கேட்டுச் சங்கிலி ஆசாரி அமைச்சர் வீட்டுக்கு ஓடி வந்து காலில் விழுந்தார். "வீட்டிலே அஞ்சு வாய் இருக்கு சாமி. அத்தனையும் இந்த ஒரு விரலை நம்பித்தான்."

அமைச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லது செய்வதாக நினைத்து இந்த மனிதனைக் கத்திக்கு அடியில் தள்ளியவர் அவர்தானே. சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அரண்மனை வீணைக்காரி ரங்கநாயகியைப் பார்க்கப் போனார். அவளிடம் வெகுநேரம் பேசினார்.

மறுநாள் சபை கூடியது. வெட்டுக் கட்டையும் வந்துவிட்டது. அமைச்சர் எழுந்தார்.

"அரசே, குற்றத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டுத் தண்டிப்போம். திரைக்குப் பின்னால் ரங்கநாயகி மூன்று விதத் தந்தியில் வாசிக்கட்டும். எது எந்த நிறம் என்று நானே முன்னால் நூலைக் காட்டுகிறேன். நாதப்பிரியர் தீர்ப்புச் சொல்லட்டும்."

"தாராளமாக!" என்று நாதப்பிரியர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

அமைச்சர் மஞ்சள் நூலைக் காட்டினார். வீணை ஒலித்தது. "கோயில் மணி!" சிவப்பைக் காட்டினார். "ஓட்டைப் பானை." நீலத்தைக் காட்டினார். "மணல் பிரபு, நறநறவென்று மணல்!" ஒவ்வொன்றுக்கும் ராஜா தலையாட்டினார். ராஜா ஆட்டியதால் சபையும் ஆட்டியது.

"திரையை விலக்குங்கள்" என்றார் அமைச்சர்.

உள்ளே ஒரே ஒரு வீணை இருந்தது. "எத்தனை முறை தந்தி மாற்றினாய் அம்மா?"

"மாற்றவேயில்லை சுவாமி." ரங்கநாயகி எழுந்து நின்றாள். "இன்றைக்கு மட்டுமில்லை. நாலு வருஷமாக இதில் குப்பாண்டி ஆசாரியின் தந்தியைத் தவிர வேறு கட்டியதில்லை. என் கைக்கு அதுதான் பிடித்தது. அவர் விரல் போன அன்று மிச்சமிருந்த சுருளையெல்லாம் வாங்கி ஒளித்து வைத்தேன், அதில் கடைசிச் சுருள்தான் இது. நிறம் மாற்றச் சொல்லி உத்தரவு வரும்போது நூலை மட்டும் மாற்றுவேன். சடையன் ஆசாரியை இழுத்து வந்தபோதும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது."

சடையனின் சிவப்புத் தந்தியும் சரி, சங்கிலியின் நீலத் தந்தியும் சரி, ராஜாவின் காதில் ஒருநாளும் விழுந்ததேயில்லை.

ராஜா சிங்காதனத்திலிருந்து குதித்தார். "நாதப்பிரியர் காதை அறுங்கள்!"

"அந்தக் காது என்ன தப்புச் செய்தது அரசே?" என்றார் அமைச்சர். "அது கேட்கவேயில்லை. நூலைப் பார்த்தது கண்."

"அப்படியானால் கண்ணைப் பிடுங்குங்கள்!"

"பிடுங்கலாம். ஆனால் நூலைப் பார்த்துத் தலையாட்டிய கண் இந்தச் சபையில் நிறைய இருக்கிறது. யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று தாங்களே சொல்லுங்கள்."

ராஜாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றே சட்டம் ரத்தானது. வெட்டுக் கட்டையைக் கண்ணெதிரே உடைத்து அடுப்புக்கு அனுப்பினார்கள். நாதப்பிரியரின் அங்கவஸ்திரத்தை உருவிக்கொண்டு, ஆயுள் முழுக்கச் சடையன் பட்டறையில் குறடு பிடிக்க அனுப்பினார்கள். அமைச்சருக்கு ராஜா தம் கழுத்து முத்துமாலையைப் போட்டார். அவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. சங்கிலி ஆசாரி விரலை மறு கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

பிறகு குப்பாண்டி ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். ராஜா இறங்கி வந்து, "என்ன வேண்டுமானாலும் கேள் ஆசாரி" என்றார்.

குப்பாண்டி வீணையைப் பார்த்தார். "அதைக் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க மகாராஜா. நான் செஞ்சதிலே அதுதானே மிச்சம்."

ரங்கநாயகி அழுதுகொண்டே ஏழு தந்தியையும் கழற்றினாள். அவர் அவற்றைச் சுருட்டப் பார்த்தார். கட்டைவிரல் இல்லாத கையிலிருந்து சுருள் நழுவி நழுவி அவிழ்ந்தது. சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ராஜா தரையில் உட்கார்ந்து அதைச் சுருட்டிக் கொடுத்தார். குப்பாண்டி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கும்பிடாமல் போனார்.