இரவல் மூக்கு

“எனக்குத் தெரிஞ்ச வாசனைப் பேரையெல்லாம் சொல்லிட்டேன் அக்கா. இன்னும் என்னதான் சொல்லணும்?” என்றான் தணிகைவேல்.

ஜெசிந்தா குவளையை மறுபடியும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னொரு வாய் குடி.”

எத்தியோப்பியாவின் சிடாமா மலையில், காபி விவசாயிகளின் சின்னக் கூட்டுறவுச் சங்கம் அது. அதன் கிடங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் காபிக்கொட்டை மூட்டைகள். வழக்கமாக வாங்குகிறவர் இந்த வருஷம் வரவில்லை. மழைக்கு முன்னால் சங்கம் விற்றாக வேண்டும்.

கோயம்புத்தூரில் காபி வறுத்து விற்கும் ஜெசிந்தாவிடம்தான் தணிகைவேல் ருசி பார்க்கக் கற்றுக்கொண்டான். ஒரு வாய் குடித்தால் போதும், எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது காபி அவளுக்கு வெறும் சூடான கசப்பு.

வாங்குவதா வேண்டாமா என்பது இனி அவன் சொல்லப்போவதில்தான் இருந்தது.

அவன் குடித்தான்.

“மல்லிகை.”

“மல்லிகை எனக்குத் தெரியும். இதைச் சொல்லு.”

“கடைசியில கொஞ்சம் பனைவெல்லம்.”

“அதுவும் தெரியும்.”

“நாரத்தை. நல்லாத் தெரியுது, நாரத்தை.”

“நாரத்தை நம்ம ஊர்ச் சந்தையிலேயே கிடைக்குமே. அதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?”

அவனுக்குச் சுருக்கென்றது.

“உங்களுக்குத்தான் மணமே தெரியலையே! நான் சொல்றது சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை.

“நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்,” என்றாள்.

மூலையில் சங்கத் தலைவி பெகெலெச் அப்போதுதான் வறுத்த கொட்டையை இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்திவிட்டு, என்ன சண்டை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தணிகைவேல் சொன்னான்.

“நாரத்தைன்னா என்ன?”

அவன் பையைத் துழாவினான். மலைப்பாதையில் வயிறு புரட்டினால் வாயில் போட்டுக்கொள்ள உப்பு நாரத்தங்காய் கொண்டு வந்திருந்தான். ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுத்தான்.

பெகெலெச் முதலில் மோந்து பார்த்தாள். ஓரத்தைக் கடித்தாள். உப்பில் முகம் கோணியது. பிறகு மெல்ல மெல்ல மென்றாள்.

“தெரியுதா? இந்த மணம் உங்க காபியில இருக்கு,” என்றான் அவன் ஆவலோடு.

“இல்லையே,” என்றாள் பெகெலெச். “எங்க காபிதான் இந்தக் காயில கொஞ்சம் இருக்கு.”

மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

“இது எங்கே விளையுது? பக்கத்துல காபிச் செடி இருக்கா?”

“இல்லை. எங்க வீட்டுக் கொல்லையில ஒரே ஒரு மரம்.”

“அப்ப எங்க காபி மணம் எப்படி அதுக்குள்ள வந்துச்சு?”

அவன் காபியைப் பார்த்தான், கையில் மீதியிருந்த நாரத்தங்காயைப் பார்த்தான். ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

பெகெலெச் இடித்த தூளை மண் கூஜாவில் போட்டுக் கொதிக்கவிட்டாள். தெளிந்ததும் அவன் குவளையில் ஊற்றினாள்.

அவன் குடித்தான். திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தான். பெண்கள் களத்தில் கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சரசரவென்று சத்தம் வந்தது. மறுபடியும் குடித்தான். குவளையை இறக்கினான். சற்று நேரம் கழித்து மறுபடியும் உதட்டில் வைத்தான்.

ஜெசிந்தா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெகெலெச் பக்கம் திரும்பினாள்.

“இந்த வருஷம் எங்களுக்கு எவ்வளவு தர முடியும்?”

தணிகைவேல் திடுக்கிட்டான்.

“அக்கா! நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?”

“குவளையைக் கீழே வை, தணிகை. அது காலியாகி ரொம்ப நேரமாச்சு.”