சுட்ட சிப்பியும் நாலு தூறலும்

கடலோர ஊர் ஒன்றில் ஒரு மடம் இருந்தது. அதன் கீழ்ச் சுவர் வெள்ளை வெளேரென்றும் மேல்சுவர் வெறும் செங்கல்லாகவும் நிற்கும். பூச்சு வேலை முடியவில்லை. சுண்ணாம்பெல்லாம் ஆண்டபெருமாளின் காளவாயிலிருந்து தர்மமாக வந்துகொண்டிருந்தது. கடலில் வாரிய சிப்பியைக் கரியோடு அடுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளைக்குத்தான் அந்தப் பக்கத்தில் காளவாய் என்று பெயர்.

மடத்துச் சாமிக்கு வயது அதிகமில்லை. அவரிடம் பாடம் கேட்க வரும் தேவானை அவரைவிட மூத்தவள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாள். பதில் சொன்னால் "அதெப்படி?" என்பாள். மற்றச் சீடர்களுக்கு அவள் தலை தெரிந்தாலே தலைவலி. சாமிக்கோ அவள் வராத நாளில் பாடமே ஓடாது.

அன்று மத்தியானம் அவள் தள்ளிய தள்ளில் மடத்துக் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"வாங்கக்கா," என்றான் குழந்தைவேலு. சீடர்களில் முதல்வன் அவன். எங்கே சத்தம் கேட்டாலும் செம்பில் தண்ணீரோடு போய் நிற்பது அவன் வழக்கம். "முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. கோபம் உடம்புக்குச் சூடு."

"தண்ணியா? காலையிலயிருந்து ஊரே எனக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கு. அத்தை மோர் கொண்டாந்தாங்க. எதிர்வீட்டு மதினி தலையில எண்ணெய் வைக்க வந்தாங்க. தலையாரி இளநி சீவிக் குடுத்தாரு. இளநி! என் கல்யாணத்துக்குக்கூட அந்த மனுசன் கையில இருந்து ஒரு வெத்தலை வரல. இத்தனை பேர்ல ஒருத்தராவது என் தங்கச்சி கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டாங்களா?"

குழந்தைவேலு செம்பைக் கீழே வைத்தான்.

கேட்கவில்லைதான். வீடு தேடி வந்தவர்கள் யாரும் கண் போனவளைப் பார்க்கவில்லை. அக்காக்காரி முகம் எவ்வளவு சிவந்திருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

தங்கை பேச்சி, காளவாயில் சுமை எடுக்கிறவள். மழை வரும்போது சுட்ட சிப்பியைத் தலையில் ஏற்றக் கூடாது. அந்தத் தொழிலில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவள் கண் போன அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது சரக்கு வெட்டவெளியில் கிடந்தது. நனைந்தால் வீண். "தூத்தல்தான, ஓடி எடுத்து உள்ள போடுங்க!" என்று பெண்களை விரட்டினார் ஆண்டபெருமாள். பேச்சி தலையில் ஓலைக் கடகப்பெட்டியோடு பாதி வழி வந்திருப்பாள், தூறல் பிடித்துக்கொண்டது. ஓலை இடுக்கில் கொதித்து இறங்கிய சுண்ணாம்புத் தண்ணீர் நெற்றி வழியாக அவளுடைய இரண்டு கண்களுக்குள்ளும் ஓடியது.

"சுண்ணாம்புக் கையோட கண்ணைக் கசக்கிட்டா, பாவம்," என்று சொல்லிவிட்டார் ஆண்டபெருமாள். கூடச் சுமை எடுத்த பெண்கள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவர்களுக்கு வேலை வேண்டும்.

சாயங்காலம் ஊர்ச்சபை. தேவானை அங்கே எழுந்து, நடந்ததைச் சொன்னால் அது வழக்கு. சொல்லாவிட்டால் பேச்சி தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டவள். ஊர் அப்படியே சொல்லிச் சொல்லி அதையே நிஜமாக்கிவிடும்.

சாமி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தேவானை அவர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். சூடு என்ன அவ்வளவு பெரிய பாவமா?"

"ஏன் கேக்கிறீங்கம்மா?"

"எது சூடில்லாம ஆகியிருக்கு, சொல்லுங்க. வெயில் காயலேன்னா அளத்துல உப்பு விளையுமா? கோழி அடை படுக்கலேன்னா குஞ்சு வருமா? இந்தக் கீரையை நீங்க பச்சையாவா திங்கப் போறீங்க? கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சினா கெட்டிக்காரன். குயவன் பானையைச் சுட்டா தொழில்காரன். நான் கொஞ்சம் கொதிச்சா மட்டும் பைத்தியக்காரி. நான் மட்டும் ஆறின கஞ்சியா ஒரு மூலையில கிடக்கணும்."

சாமி ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார். "முட்டையை அடுப்புல வச்சா?"

"வேகும்."

"கோழிக்கு அடியில வச்சா?"

"குஞ்சு பொரிக்கும். நீங்க எங்க வாறீங்கன்னு தெரியுது சாமி. என் சூடு எந்தச் சூடுன்னு கேக்கிறீங்க. சபைக்குப் போனாத்தான அது தெரியும்? போகாதே போகாதேன்னு வாசல்லயே மறிச்சா?"

சாமி அடுத்த தண்டை எடுத்தார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"நீங்களும் பேச மாட்டீங்க. எப்படிப் பேசுவீங்க? இந்தச் சுவர்ல இருக்கிற வெள்ளை அவரு குடுத்தது. அதுல ஒரு கை அள்ளி உங்க வாயிலயும் பூசிட்டாரு."

"அக்கா!" என்று பதறினான் குழந்தைவேலு.

சாமி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த கீரை கையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆண்டபெருமாளே உள்ளே வந்தார். வெளியே சுண்ணாம்பு வண்டி நின்றது. கையில் ஓலைப்பெட்டி.

"கும்பிடுதேன் சாமி. மேல்சுவருக்குச் சரக்கு கொண்டாந்திருக்கேன். இந்தத் தடவை சும்மா பால் மாதிரி வெந்து வந்திருக்கு, பாருங்க." பெட்டியைச் சாமி பக்கம் நகர்த்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொண்ணு கேட்டுக்கிடும். உங்ககிட்டப் பாடம் கேட்டவ சபையில நின்னு கத்தினா மடத்துக்குத்தான் அசிங்கம். கொஞ்சம் ஆறட்டும். ஆறினதுக்கப்புறம் நானே பாத்து ஏதாவது செய்யுதேன்."

"நான் இங்கதான் நிக்கேன்," என்றாள் தேவானை. "எங்கிட்டச் சொல்லும்."

"பாத்தீங்களா, என்னமா கொதிக்கா!" ஆண்டபெருமாள் சிரித்தார். "ஏளா, நான் என்ன வேணும்னா செஞ்சேன்? தூத்தல். நாலே நாலு சொட்டு. நாலு சொட்டுக்கு யாருக்காவது கண்ணு போகுமா? ஊர்ல போய்ச் சொல்லிப் பாரு, சிரிப்பாங்க."

சாமி வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியைத் திறந்து ஒரு சிப்பியை எடுத்தார்.

"கையை நீட்டுங்க."

ஆண்டபெருமாள் பிரசாதம் வாங்குவதுபோல் வலது கையை நீட்டினார். சாமி சிப்பியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சுடுதா?"

"ஏன் சுடுது? காளவாயை விட்டு எடுத்து எந்தக் காலம்! சில்லுனு இருக்கு."

"கனக்குதா?"

"பஞ்சு சாமி, பஞ்சு."

சாமி குனிந்து குழந்தைவேலுவின் செம்பில் விரல்களை முக்கினார். சொட்டச் சொட்ட அந்தக் கையை ஆண்டபெருமாளின் உள்ளங்கைக்கு மேலே கொண்டுவந்தார்.

ஒரு சொட்டுக்கூட அவர் கையில் விழவில்லை. அதற்குள் ஆண்டபெருமாள் உதறிவிட்டார். உதறிய வேகத்தில் சிப்பி சுவரில் பட்டு முற்றத்தில் விழுந்தது. அவர் பின்னால் துள்ளிப்போய், உள்ளங்கையை வேட்டியில் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் சாமி.

"என்ன விளையாட்டு சாமி இது! கை வெந்துபோகும்!"

"தூத்தல்தானே."



சாமி விரலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கிடந்த சிப்பிமேல் தெளித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிப்பி சீறியது. ஆவி பறந்தது. ஓடு பருத்து, வெடித்து, சிப்பி கிடந்த இடத்தில் ஒரு பிடி வெள்ளை மாவு கிடந்தது. குழந்தைவேலு தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"உமக்கு உதறத் தெரிஞ்சுது," என்றாள் தேவானை. "அவளுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீரு? அவ ரெண்டு கையும் தலைமேல கடகத்தைப் பிடிச்சிருந்துச்சுவே. கீழ போட்டவ நாளைக்கு இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு கத்தினது யாரு? சொல்லும். கத்தினது யாரு?"

ஆண்டபெருமாள் அவளைப் பார்க்கவில்லை. அப்போதும் சாமியைத்தான் பார்த்தார்.

"சாமி, இது இந்த முற்றத்தோட இருக்கட்டும். மேல்சுவர் பாக்கி இருக்குல்லா?"

"வண்டியைத் திருப்பிக்கிடுங்க."

"செங்கல்லு அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும்."

"மழைக்கு அரிச்சுப் போயிரும் சாமி."

"அரிக்கட்டும்."

ஆண்டபெருமாள் பெட்டியை மூடினார். "சபையில நீங்க என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா, நீங்க கையை உதறினதைச் சொல்லுவேன்."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். கும்பிடவில்லை. வாசலில் செருப்பை மறந்து கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் மாட்டிக்கொண்டு போனார். வண்டி திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

குழந்தைவேலுவுக்கு மனசு ஆறவில்லை. மேல்சுவரைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான்.

"சாமி, கோபத்தை ஜெயிக்கணும்னு எங்களுக்கு ஓயாமச் சொல்லுவீங்களே."

"ஆமா."

"இப்ப நீங்களே இந்தக் கோபத்தோட அக்காவை..."

"உன் கோபத்தை நீ ஜெயின்னு சொன்னேன். அவங்க கோபத்தையும் நீயே ஜெயிச்சுக் குடுன்னு எப்பச் சொன்னேன்?"

அவன் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தேவானை நின்ற இடத்திலேயே நின்றாள். வந்தபோது அவளிடம் கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போது சபை நிஜமாகவே பக்கத்தில் வந்துவிட்டது.

"சாமி, உங்க வாயைப் பத்திப் பேசினது தப்பு."

"அந்த நேரத்துக்கு அது சரிதான்," என்றார் சாமி.

அவள் புடவை முந்தியைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"ஒரு பயம் இருக்கு. அந்தாளு மூஞ்சியைப் பாத்ததும் என் குரல் மேல போயிரும். அப்புறம் பேச்சி கண்ணை விட்டுருவாங்க, பொம்பளை கத்துதா, பொம்பளை கத்துதான்னு அதையே பிடிச்சுக்கிடுவாங்க. கொஞ்சம் தணிஞ்சு, மெதுவாப் பேசட்டுமா?"

சாமி மறுபடி கீரை முன்னால் உட்கார்ந்தார்.

"பேச்சி வாறாளா?"

"வாறா. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க உக்காருவா?"

"வழக்கு சொல்லுற பொம்பளை மட்டுந்தான் சபைக்குள்ள போகலாம். மத்தவங்க எல்லாம் வெளிய, கிணத்துக்கு அந்தப் பக்கம்."

"தூரமா?"

"தூரந்தான் சாமி."

"அவளுக்குக் கேக்கணும்," என்றார் சாமி.