விட்டுப்போன ஒரு தையல்

கேளுங்கள், பிள்ளைகளே. பெரியவர்களும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்; இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மேகம் மலையை விட்டு இறங்கத் தெரியாமல் இருந்த காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் பெயரைப் பாறையில் வெட்டி வைத்தார்கள். மழை பெய்து பெய்து அதை அழித்துவிட்டது. இந்தக் கதையில் அவருக்கு வேலையும் இல்லை. அவர் பாட்டுக்குப் பட்டு மெத்தையில் தூங்கட்டும். நாம் அவருடைய நாட்டின் கடைசி ஊருக்குப் போவோம்.

அந்த ஊர் மலைச்சரிவில் இருந்தது. அங்கே வெயில் விருந்தாளி மாதிரி. மத்தியானம் வரும், சற்று உட்காரும், போய்விடும். மார்கழி பிறந்துவிட்டால் பானைத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். ஆடுகள்கூட ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் மேயும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் பெண் உண்டாகியிருந்தால், வரப்போகும் பிள்ளைக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போர்வை தைப்பார்கள். பிறந்த உடம்புக்குப் புதுத்துணி ஆகாது என்று வீட்டுக்கு ஒரு பழந்துணி கொடுப்பார்கள். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன சேலைத் துண்டு, வேட்டித் துண்டு. அடியில் ஒரு பழைய சேலையை மடித்து விரித்து, அதன்மேல் அந்தத் துண்டுகளைப் பரப்பித் தைப்பார்கள். துணி கொடுத்தவள் தன் துண்டின் ஒரு பக்கத்தைத் தன் கையாலேயே தைத்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தைத் தைத்து முடிப்பது பிள்ளையின் அத்தை வேலை. தைத்த கை அத்தனையும் பிள்ளைக்குக் காவல் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த ஊரில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். தையலில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கோயில் தேர்ச்சீலை கிழிந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தைத்த இடத்தை மறுநாள் அவளே தேட வேண்டியிருக்கும், அவ்வளவு பொடித் தையல். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி. கோணல் எதுவும் கண்ணில் பட்டால் கை அரிக்கும். அடுத்த வீட்டுப் பந்தல்கால் சாய்ந்திருந்தால் இவளுக்குச் சோறு இறங்காது. ஊசி சும்மா இருந்தாலும் ஆவுடையின் கை சும்மா இருக்காது.

அவள் தம்பி சுடலைமுத்துவின் மனைவி செண்பகம் அப்போது நிறைமாதம். அத்தை ஆவுடைதான். ஆகவே போர்வை அவள் கைக்கு வந்தது.

ஆவுடையைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

செண்பகத்துக்கு இதற்கு முன்பும் ஒரு பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. மார்கழிக் காய்ச்சலில் போய்விட்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அழுதார்கள், பிறகு வேலையைப் பார்க்க எழுந்தார்கள். ஆவுடை மட்டும் எழவில்லை. பிள்ளையின் போர்வையை மடித்து வைக்கும்போது அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். நடுவில் ஓர் இடத்தில் ஒரு தையல் விட்டுப்போய், அடிச்சேலையும் அங்கே நைந்து விலகியிருந்தது. ஒரு விரல் நுழையும் இடம். தைத்தது அவள்தான். குளிர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிற்று என்று அவள் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை ஒரு தையல்கூட விட்டுப்போகக் கூடாது, ஒரு கோணல்கூட இருக்கக் கூடாது என்று அவள் உறுதி எடுத்துக்கொண்டாள். நியாயம்தானே? நியாயமான ஆசைதான் சில நேரம் ஆளைப் பிடித்து ஆட்டும்.

ஊர்ப் பெண்கள் வந்தார்கள், துணி கொடுத்தார்கள், தைத்துவிட்டுப் போனார்கள். குயவன் மனைவி மாடத்தி தைத்தது ஓட்டைத் தையல். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே எலி குடும்பம் நடத்தலாம். கண் மங்கிய பேச்சி தைத்தது முடிச்சுத் தையல். துணியில் மிளகு கொட்டிக் கிடந்த மாதிரி இருந்தது. உழவன் மனைவி இசக்கி சிவப்பு நூலில் தைத்தது கோணல் தையல். காளை நடந்துகொண்டே மூத்திரம் பெய்த தடம்போல அங்கும் இங்கும் வளைந்து போனது.

அவர்கள் வாசல் தாண்டியதும் ஆவுடை மூன்றையும் பிரித்தாள். தன் கையாலேயே மறுபடி தைத்தாள். போர்வை என்ன ஆயிற்று என்று செண்பகம் கேட்டாள். இன்னும் நாள் கிடக்கிறது என்று ஆவுடை சொன்னாள்.

இரண்டாவது தடவை, தன் தையலே ஒரு மயிரிழை விலகியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. மற்றவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பிரித்தாள், தைத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செண்பகம் கேட்டாள். இன்னும் நாள் கிடக்கிறது என்றாள்.

இதற்கிடையில் ஒரு காலை, அடுப்புக்கு நெருப்பு வாங்க இசக்கி வந்தாள். தரையில் சிவப்பு நூல் துண்டு துண்டாகக் கிடந்தது. தன் நூலை அவளுக்கு அடையாளம் தெரியாதா? நெருப்பும் வாங்காமல் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து ஆவுடை வீட்டுப் பக்கம் பெண்கள் வருவது நின்றுவிட்டது. ஆவுடை அதைக் கவனிக்கவும் இல்லை. அவளுக்குப் போர்வை ஒன்றுதான் உலகம்.

மூன்றாவது தடவை, நாலு துண்டுகள் சேரும் மூலை சரியாகக் கூடவில்லை என்று பட்டது. தண்ணீருக்குப் போனால் மூலை நினைவு. சோற்றில் கை வைத்தால் மூலை நினைவு. பாதிச் சோற்றில் எழுந்து போய் மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தாள்.

பிரித்து முடிக்கும்போது சுடலைமுத்து ஓடிவந்தான். செண்பகத்துக்கு வலி கண்டுவிட்டது, நாளுக்கு முன்னாலேயே கண்டுவிட்டது, மருத்துவச்சி வந்தாயிற்று, போர்வையைக் கொண்டு வா என்றான். வெளியே மேகம் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆவுடை துண்டுகளை அள்ளினாள். அடிச்சேலையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் உதறினாள். உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சேலை சல்லடையாகியிருந்தது. தைத்த இடம், பிரித்த இடம், மறுபடி தைத்த இடம் எல்லாம் ஊசித்துளை. பழந்துணி எத்தனை தடவைதான் ஊசியைத் தாங்கும்? நடுவில் விரல் வைத்து இழுத்தாள். தாள் போலக் கிழிந்தது. ஒரு துளைக்குப் பயந்தவள் ஓராயிரம் துளை போட்டு வைத்திருந்தாள்.

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. ஒற்றைக் கையால் அதை முடிக்க முடியாது. பொழுது இருட்டுவதற்குள் நாலு கை வேண்டும். யாரைக் கூப்பிடுவது? தான் பிரித்துப் போட்டவர்களைத்தான்.

மாடத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். பேச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள். கடைசியாக இசக்கி வீட்டு வாசலில் போய் நின்றாள். அங்கேதான் கால் கூசியது.

"பிரிச்சது நான்தான் இசக்கி," என்றாள். "வந்து தைச்சுக் குடு. பிள்ளை வரப் போவுது."

இசக்கி முறத்தைக் கீழே வைத்தாள். "என் தையல் கோணலால்லா இருக்கும்?"

"கோணலாவே இருக்கட்டும். வா."

இசக்கி உள்ளே போனாள். சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கோபத்தை வைத்துக்கொள்ள வேறு நாள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

செண்பகத்தின் வீட்டு முன்கட்டில் போர்வையை விரித்தார்கள். உள்ளே செண்பகம் முனகிக்கொண்டிருந்தாள். கிழிந்த நடுவை என்ன செய்வது என்று மாடத்தி கேட்டாள். ஆவுடை தான் உடுத்தியிருந்த பழைய சேலையின் முந்தானையைக் கிழித்து, சல்லடையான இடம் முழுவதையும் மூடுகிற மாதிரி மேலே போட்டாள். அளவு பார்க்கவில்லை, ஓரம் மடிக்கவும் இல்லை. அவள் வாழ்நாளில் அளவு பார்க்காமல் போட்ட முதல் துண்டு அதுதான்.

நாலு பேர், நாலு பக்கம். மாடத்தி எலி குடும்பம் நடத்தும்படி தைத்தாள். பேச்சி மிளகு கொட்டினாள். இசக்கியின் காளை அங்கும் இங்கும் நடந்தது. ஆவுடையின் கண் அதையெல்லாம் பார்த்தது; கை அரித்தது. மூன்று தடவை அவள் விரல் நூலைப் பிரிக்கப் போனது. மூன்று தடவையும் உள்ளிருந்து செண்பகத்தின் குரல் கேட்டது. விரலைத் திருப்பிக்கொண்டு தன் பக்கத்தைத் தைத்தாள்.

நடுவில் துணி சுருங்கி ஒரு புடைப்பு வந்தது. இசக்கியின் வரிசையும் ஆவுடையின் வரிசையும் எதிரெதிரே வந்து, கூட வேண்டிய இடத்தில் கூடவில்லை. அடிச்சேலையின் கிழிசலுக்கு நேரே ஒரு தையல் விட்டுப்போயிற்று. ஒரு விரல் நுழையும் இடம். ஆவுடை அதைப் பார்த்தாள். பார்த்த அதே நேரம் உள்ளே பிள்ளை அழுதது. மருத்துவச்சி கையை நீட்டி, போர்வை எங்கே என்றாள்.

மறுபடியும் பெண்பிள்ளை.

அந்த மார்கழி போன மார்கழியைவிடக் கொடியது. ஆவுடைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணப்பில் நெருப்பு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பாள். பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். வீட்டுக்குத் திரும்பினால் அந்த ஒரு தையல் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். போர்வையைக் கேட்டு வாங்கித் தைத்துவிடலாம் என்றால், பிள்ளையின் மேலிருந்து அதை எப்படி எடுப்பது? பெற்றவளிடம் என்னவென்று சொல்வது? நாளுக்கு நாள் அவள் முகம் வாடியது.

ஒரு காலை அவளால் பொறுக்க முடியவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். பிள்ளையைப் போர்த்தியபடியே அந்த இடத்தைத் தைத்துவிடுவது என்று முடிவு.

செண்பகம் கணப்போரம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போர்வை பிள்ளையைக் கழுத்துவரை மூடியிருந்தது. விட்டுப்போன தையலைத் தேடி ஆவுடை குனிந்தாள். அந்த இடத்தில் செண்பகத்தின் விரல் இருந்தது. விரல் துளை வழியாக உள்ளே போயிருந்தது.

"என்ன மதினி, ஊசியும் கையுமா வந்திருக்கீக?"

ஆவுடைக்கு அடக்கிவைத்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "ஒரு தையல் விட்டுப்போச்சு செண்பகம். மூத்தவ போர்வையிலயும் விட்டுப்போச்சு. நான்தான் விட்டேன். அது வழியாத்தான் குளிரு..."

செண்பகம் மறு கையால் கணப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும் மதினி," என்றாள். "அவ காய்ச்சல்ல கெடக்கும்போது போர்வைய வெலக்க எனக்கு மனசு வரல. குளிர் பட்டுருமோன்னு பயம். ஆனா தொடாம இருக்கவும் முடியல. அந்த ஓட்டை வழியாத்தான் விரல விட்டு அவ நெஞ்சத் தொட்டுக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் தொட்டுக்கிட்டு இருந்தேன். அது வழியா குளிர் போச்சா என்னன்னு எனக்குத் தெரியாது. நான் போனேன்."

ஆவுடை உட்கார்ந்துவிட்டாள். அத்தனை காலம் தன்னைக் குத்திக்கொண்டிருந்த துளை, ஒரு தாய்க்குத் தன் பிள்ளையிடம் போக இருந்த ஒரே வாசல் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் அழுதாள். செண்பகமும் அழுதாள்.

பிறகு செண்பகம் தன் விரலை வெளியே எடுத்தாள். ஆவுடையின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

"இதத் தைச்சிராதீக," என்றாள்.

ஆவுடை விரலை உள்ளே விட்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. பிள்ளையின் நெஞ்சு கோழிக்குஞ்சின் நெஞ்சுபோலத் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் ஓயாமல் அரித்த கை அங்கே போய்ச் சும்மா இருந்தது. கோத்த ஊசி மடியிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. அன்று அவள் அதைத் தேடவில்லை.

மார்கழி போயிற்று. தையும் போயிற்று. பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, அந்தப் போர்வையை வாசல் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தது. மாடத்தி நூல், பேச்சி நூல், இசக்கி நூல் என்று அடையாளம் காட்டிச் சிரிக்கவும் கற்றுக்கொண்டது. ஆவுடை அப்புறமும் பொடித் தையல்தான் தைத்தாள். பழக்கம் எங்கே போகும்? ஆனால் இன்னொருத்தி தைத்ததைப் பிரிப்பதை விட்டாள். அடுத்த வீட்டுப் பந்தல்காலைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் முகத்தைச் சுளிப்பாள். அதை நாமும் மன்னித்துவிடலாம்.

கதை போய்ச் சேர்ந்த இடத்தில் நீதி இது: குறையே கூடாது என்று பிரித்துக்கொண்டே இருக்கும் கை யாரையும் போர்த்தாது, குறையோடு முடித்து அன்போடு கொடுத்ததுதான் குளிரில் பிள்ளையைக் காக்கும்.