ஹார்வி துரை கேட்ட கம்பெனி

வெகுகாலத்துக்கு முன்னே, உப்புக் காற்று வீசும் மணற்பாடிச் சீமையை வீரகேது மகாராஜா ஆண்டுவந்தார். காலையில் சிரித்தால் மாலையில் சீறுவார். யாரை எப்போது தூக்கி வைப்பார், யாரை எப்போது இறக்கிவிடுவார் என்று அவருக்கே தெரியாது.

அவர் சபையில் சவரிராயன் என்றொரு துபாசி இருந்தான். இங்கிலீஷ் கடிதம் வந்தால் படித்துச் சொல்வது அவன் வேலை. கடிதமோ வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். சென்னப்பட்டினத்தில் பிழைத்தவன், மனைவி அம்மை கண்டு இறந்தபின் இங்கே வந்து சேர்ந்தான். ஒன்பது வருஷமாகியும் ஊர் அவனை ஒட்டவிடவில்லை. “பரங்கி பாஷைக்காரன்” என்று விலகியே நின்றார்கள். தானே சமைப்பான், தானே உண்பான். ஆள் குரல் கேட்டு நாளாகிவிட்டால், சுவரைப் பார்த்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வான்.

அந்த வருஷம், கடற்கரைக் கிட்டங்கியில் சரக்குக்குக் காவலாக ஹார்வி என்ற வெள்ளைக்காரனை விட்டுவிட்டு ஒரு கப்பல் போயிற்று. மூன்று மாதத்தில் வருகிறோம் என்றவர்கள் பதினொரு மாதமாகியும் வரவில்லை. அவனோடு யாரும் பேசக்கூடாது என்பது ராஜாவின் உத்தரவு. சவரிராயன் மாலையில் கரைக்குப் போய், கிட்டங்கி வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதனைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவான்.

ஒருநாள் ஹார்வியிடமிருந்து சபைக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரே வரி: ‘ஐ வான்ட் கம்பெனி.’

சவரிராயன் அதை உரக்கப் படித்துவிட்டு அர்த்தம் சொல்ல வாய் திறப்பதற்குள், ராஜாவின் கடிதங்களை எழுதும் விருத்தகிரிப் பிள்ளை எழுந்துவிட்டார். தனக்குத் தெரியாத பாஷை ஒன்று சபையில் நடமாடுவது அவருக்கு ஆகவே ஆகாது.

“மகாராஜா! கம்பெனி என்றால் நூறு சிப்பாய் கொண்ட படை. பட்டாளத்துக்காரன் ஒருவன் சொல்லி எனக்கே தெரியும். இவன் படை கேட்கிறான்!”

“படையா? என் கரையில் உட்கார்ந்துகொண்டா?” ராஜா தொடையைத் தட்டினார். “பீரங்கியை உருட்டுங்கள்!”

“பிரபு, பொறுக்க வேண்டும்” என்றான் சவரிராயன். “படைக்கும் அந்தப் பேர் உண்டு. வியாபாரக் கூட்டத்துக்கும் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் உண்டு. ஆனால் இவன் கேட்பது துணை. பேச்சுத்துணை.”

“ஒரு வார்த்தைக்கு இத்தனை வேஷமா?”

“எல்லாம் ஒரு வேரிலிருந்து வந்தவை, பிரபு. எனக்குப் படிப்புச் சொன்ன பாதிரியார் சொல்வார், ரோமாபுரிக்காரர்களின் பழைய பாஷையில் அதற்குக் கூட உட்கார்ந்து ரொட்டி தின்பவன் என்று பொருளாம். சேர்ந்து தின்றவர்கள் சேர்ந்து சண்டைக்கும் போனார்கள், கடையும் வைத்தார்கள். பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.”

விருத்தகிரி சிரித்தார். “வெள்ளைக்காரனைக் காப்பாற்ற நல்ல கதை!”

“நாளை மத்தியானத்துக்குள் மெய்ப்பித்துக் காட்டு” என்றார் ராஜா. “இல்லாவிட்டால் அவனோடு உன் தலையும் போகும்.”

மறுநாள் ராஜாவும் விருத்தகிரியும் கரையில் கிடந்த ஒரு படகுக்குப் பின்னால் மறைந்து நின்றார்கள். சவரிராயன் கேட்டபடி, முதலில் ஐம்பது வீரர்கள் முரசடித்துக்கொண்டு போனார்கள். ஹார்வி நடுங்கிப்போய், கிட்டங்கிச் சாவியை மணலில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினான்.

“படை கேட்டவன் படையைக் கண்டு பயப்படுகிறானே!” என்றார் ராஜா.

“பசியாக இருக்கும், மகாராஜா. கேட்டது சோறாக இருக்கும்” என்று மழுப்பினார் விருத்தகிரி.

வீரர்கள் திரும்பியதும், ஒரு சேவகன் போய் இலை போட்டு, சோறும் மீன் குழம்பும் பரிமாறிவிட்டு வந்தான். ஹார்வி இலையைப் பார்த்தான். போகிறவன் முதுகைப் பார்த்தான். சோற்றைத் தொடவே இல்லை.

அப்புறம் சவரிராயன் போனான். கையில் இருந்தது ஒரு வெற்று இலை மட்டும். அதை முதல் இலைக்கு எதிரே விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “சாப்பிடலாமா?” என்று இங்கிலீஷில் கேட்டான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு மனித முகத்தைப் பார்த்து அந்த பாஷையில் பேசியதால் அவன் குரலே உடைந்தது.

ஹார்வி இலைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தான். தன் சோற்றில் பாதியை அள்ளி எதிர் இலையில் வைத்தான். அதற்குமேல் முடியாமல், குழம்புக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சவரிராயனும் குனிந்துகொண்டான்.

படகுக்குப் பின்னாலிருந்து ராஜா வெளியே வந்தார். தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துப் போய்ச் சவரிராயனுக்குப் போர்த்தினார். “பிள்ளைவாள்! கப்பல் வரும்வரை நீரும் தினம் இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அந்த வார்த்தையைச் சரியாகக் கற்றுக்கொள்ளும்” என்றார். வீரர்கள் வாய்விட்டுச் சிரிக்க, விருத்தகிரி தலையைத் தொங்கப்போட்டார்.

சுத்த சைவரான அவர் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போய், மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தியபடி இரண்டு மாதம் உட்கார்ந்தார். முதலில் முறைத்தார், பிறகு கேட்டார், கடைசியில் வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். சவரிராயன் அதை இங்கிலீஷில் சொல்ல, ஹார்வி விழுந்து விழுந்து சிரிப்பான்.

பிறகு கப்பல் வந்தது. ஹார்வி சவரிராயனின் கையைப் பிடித்தான், விட மனமில்லாமல் விட்டான், போய்விட்டான். பாய்மரம் மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்த சவரிராயன் அன்று உலை வைக்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசவும் வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் யாரோ கனைக்கும் சத்தம். விருத்தகிரிப் பிள்ளை கையில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றார்.

“உத்தரவு முடிந்துவிட்டதே, ஐயா” என்றான் சவரிராயன்.

“முடிந்தால் என்ன? தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.”

“உள்ளே கருவாட்டுக் குழம்பு. உங்களுக்கு ஆகாதே.”

“ஆகாதுதான். ஜன்னலைத் திறந்துவிட்டு நகர்ந்து உட்காரும்” என்று சொல்லிக்கொண்டே படியேறினார் விருத்தகிரி.